உள்பக்கத்தை விட்டுவிடு

அன்புள்ள தங்கைக்கு,

நீ கொடுத்தனுப்பிய காதல் வாழ்த்து அட்டைகளைப் பார்த்தேன். வெட்டு சுத்தம், ஓரம் எங்கும் பிசிறில்லை. நெமிலிச்சேரியில் வீட்டு ஹாலில் பாய் விரித்து, கத்தரிக்கோலும் ஸ்கேலும் மட்டும் வைத்துக்கொண்டு செய்தது என்றால் நம்ப மாட்டார்கள். குறை ஒன்றுதான். அட்டையைத் திறந்தால் உள்ளேயும் நீயே பேசுகிறாய். ‘என்றென்றும் உன் நினைவில்’ என்று தங்க நிற மினுமினுப்புப் பேனாவில் எழுதிவிட்டாய். வாங்குகிற பையன் இனி எங்கே எழுதுவான்? மூலையில் பெயரைப் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான்.

அவன் கையெழுத்து கோழிக் கிறுக்கலாகவே இருக்கட்டும். அட்டையைப் பெறுகிற பெண் பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்து வைக்கப்போவது அந்தக் கிறுக்கலைத்தான்.

“எனக்கு எழுத வராதுக்கா, நீங்களே ஏதாவது போட்டுக் குடுங்க” என்று கெஞ்சுகிறார்கள் என்கிறாய். இது பழைய சிக்கல். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹௌலண்ட் என்ற பெண், 1840களின் கடைசியில் உன்னைப் போலவே வீட்டிலிருந்து காதலர் தின அட்டை செய்யத் தொடங்கினார். அப்பாவுக்குப் புத்தகமும் எழுதுபொருளும் விற்கிற கடை. இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் அட்டையைப் பார்த்து, இதைவிட நன்றாக நான் செய்வேன் என்று உட்கார்ந்தவர். மாதிரிகளை அவருடைய சகோதரர் வெளியூருக்கு எடுத்துப் போனார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று எஸ்தர் நினைத்திருக்க, 5000 டாலருக்கு மேல் வந்ததாகச் சொல்வார்கள். தோழிகளைக் கூட்டி வைத்து, ஒருத்தி வெட்ட, இன்னொருத்தி ஒட்ட என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துத்தான் சமாளித்தார். உள்ளே இருக்கிற வரி பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர் சொல்வார்களே, அதற்கும் வழி கண்டார். 1879இல் வாழ்த்து வரிகளை மட்டும் தனிப் புத்தகமாக அச்சிட்டார். பிடித்த வரியைத் தேர்ந்தெடுத்து அட்டைக்குள் ஒட்டிக்கொள்ளலாம்.

அவர் பாதி வழி வந்தார் என்பேன். நீ இன்னும் ஓர் அடி போ. உள்ளே ஒட்ட ஒரு வெற்றுத் தாள் கொடு. பளபளப்பான ஆர்ட் கார்டில் ஜெல் பேனா மை காயாமல் இழுபடும். கை பட்டால் தீற்றிவிடும். சாதாரண மேப்லித்தோ தாள் மையைச் சட்டென்று உறிஞ்சும். அதை அட்டையைவிடக் கொஞ்சம் சின்னதாக வெட்டி, மடிப்பை ஒட்டி ஒரு கோடு பசை மட்டும் வைத்தால் நிற்கும். ஒவ்வொரு அட்டைக்கும் அப்படி இரண்டு தாள் கொடுத்துவிடு. எழுத வராதவனுக்கு உண்மையில் இருப்பது, அழகான அட்டையைக் கெடுத்துவிடுவோமோ என்கிற பயம். ஒரு தாளைக் கெடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் எழுதிவிடுவான்.

முகப்பு முழுக்க உன் ராஜ்ஜியம். ஆனால் இதயத்தைக் கொஞ்சம் ஓரம் கட்டு. ஆர்டர் கொடுப்பவரிடம் எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்காதே. எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள் என்று கேள். ‘எப்பப் பாரு ட்ரெயினை விட்டுட்டு வருவாக்கா’ மாதிரி ஒன்று விழும். போதும். முகப்பில் உங்கள் ரயில் பாதையை வரை: ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர் என்று ஒரே கோட்டில் ஐந்து புள்ளிகள். அவள் ஏறுகிற ஸ்டேஷன் மட்டும் சிவப்பு, மற்றவை கறுப்பு. பெயர்கூட வேண்டாம்.

இதில் இன்னொரு சௌகரியம், பார்ப்பவருக்குக் காதல் அட்டை என்று தெரியாது. எங்கள் காலத்தில் காதலுக்கென்று தனி அட்டை அவ்வளவாகக் கிடைக்காது. தை பிறந்தால் கடை வாசலில் கயிறு கட்டித் தொங்கும் பொங்கல் வாழ்த்துதான் அந்த வேலையையும் சேர்த்துச் செய்தது. கரும்பும் பானையும் போட்ட அட்டை. அனுப்பியவர் பெயர் இருக்காது. தபால்காரர் அதை அப்பா கையில்தான் கொடுப்பார் என்பது அனுப்பியவனுக்குத் தெரியும். இன்றும் நம் வீடுகளில் கவரை முதலில் பிரிப்பது யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்து புள்ளியைப் பார்க்கிற அம்மா, ஏதோ ரயில்வே சமாச்சாரம் என்று மேஜைமேல் வைத்துவிடுவார்.

மடிப்பில் வெள்ளையாக வெடிப்பு விழுகிறது என்று கேட்டிருந்தாய். அட்டைக்கும் நார் ஓடுகிற திசை உண்டு. அச்சகத்தில் கிரெயின் என்பார்கள். மடிக்காமல் இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அந்த வாக்கில் மடிப்பு வர வேண்டும். மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக அழுத்தி இழுத்து, அந்தப் பள்ளத்தில் மடி. ஸ்பூன் முதுகால் தேய்த்துவிடு. ஐப்பசி, கார்த்திகையில் தாள் ஈரம் குடித்துச் சுருளும் என்பதால் பிளாஸ்டிக் கவரில் படுக்கையாக வை. ஃபெவிகாலை விரலால் அப்பாதே, நெளிந்துவிடும். அட்டைத் துண்டால் மெல்லிசாக இழுத்து, ஒரு ராத்திரி கனத்த புத்தகங்களுக்கு அடியில் வை.

பூ ஒட்டுவதில் உனக்கு ஆசை என்று தெரிகிறது. மல்லி பழுப்பாகிவிடும், ரோஜா இதழ் கறுத்துப்போகும். காகிதப்பூவை நாளிதழ் நடுவே வைத்து அழுத்திப் பார், நிறம் ஓரளவு தாங்கும். அதைவிட எனக்குப் பிடித்தது அரச இலை. முற்றிய இலைகளைத் தண்ணீரில் மூன்று வாரம்போல ஊறப்போடு. நாற்றம் குடலைப் புரட்டும், அம்மா திட்டுவார், மொட்டை மாடிக்குக் கொண்டுபோ. பிறகு பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தட்டினால் பச்சைச் சதை கரைந்து போய், நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். காம்பிலிருந்து நுனிவரை ஒரு முடிகூட அறுபடாமல் வருகிற இலையை உள்ளங்கையில் வைத்துப் பார், ரேகை தெரியும். ஹௌலண்ட் லேஸ் தாளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். கூடவே ஒரு தந்திரமும் செய்தார்: லேஸுக்கு அடியில் சின்னதாக வண்ணத் தாள் வைப்பது. அரச இலைக்கு அடியில் மருதாணிச் சிவப்பு வைத்துப் பார்.

தபாலில் அனுப்புபவர்களுக்காக எடை பார். ஒரு சதுர மீட்டருக்கு 16 ஏ4 தாள். அதனால் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் என்றால், ஏ4 அளவு அட்டை ஒன்றே 19 கிராமைத் தொடும். கவரும் உள்தாளும் சேர்ந்தால் 20 கிராம் தாண்டும், 5 ரூபாய் ஸ்டாம்ப் பற்றாது. இன்னும் மெல்லிய அட்டை எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டுப் பார். மணி, கல் ஒட்டினதைக் கையில்தான் கொடுக்கச் சொல். முத்திரை குத்துகிற இடத்தில் நொறுங்கும்.

விலை விஷயத்தில் கூச்சப்படாதே. பேப்பர் காசை மட்டும் கணக்குப் போட்டு விற்கிறாய், உன் ராத்திரி தூக்கத்துக்கும் சேர்த்து வாங்கு.

மேப்லித்தோவை ஸ்டேஷனரி கடையில் சில்லறையாக வாங்காதே. சென்னை சென்ட்ரலில் இறங்கி பாரிமுனை போய், ஆண்டர்சன் தெருவில் கேள். கல்யாணப் பத்திரிகைக்காரர்களுக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைத்தால் உன் அளவுக்கு அதுவே போதும். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதே, முக்கால்வாசிக் கடை சாத்தியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்