தேயும் மூட்டும், காக்க வேண்டிய துண்டும்

வண்டிச் சில்லின் அச்சு தேய்வதை அறியாத விவசாயி இல்லை. முழங்காலிலோ இடுப்பிலோ பொருத்தப்படும் செயற்கை மூட்டும் அவ்வாறே தேய்கிறது. ஆனால் வண்டியின் தூள் நிலத்தில் விழுகிறது. மூட்டின் தூளோ உடலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் சார்ன்லி 1958 அளவில் இடுப்பு மூட்டின் கிண்ணத்தை ரெப்லோனால் செய்தார். அது வழுவழுப்பானது, ஆகவே நீடிக்கும் என எதிர்பார்த்தார். சில ஆண்டுகளுக்குள் கிண்ணங்கள் தேய்ந்துபோயின. ஏறத்தாழ 300 பேர் பாதிக்கப்பட்டனர். 1962இல் அவர் நெசவுத் தறியின் பற்சில்லுகளுக்குப் பயன்பட்ட பொலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்குக்கு மாறினார். அதன் மேம்பட்ட வகைகளே இன்றும் பெரும்பாலும் பயன்படுகின்றன.

மூட்டு ஏன் ஆடுகிறது? கண்ணுக்குத் தெரியாத தூளை உடலின் காவற் கலங்கள் விழுங்குகின்றன. அதைச் சமிக்க முடியாதபோது அவை சுரக்கும் பொருட்களால் அருகிலுள்ள எலும்பு கரைகிறது. கதியால் நல்லதாயினும் சுற்றுமண் கரைந்தால் ஆடும் அல்லவா? அதுபோலத்தான்.

உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுக்களிலிருந்து கோபால்ற்றும் குரோமியமும் இரத்தத்தில் கலக்கலாம். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமத்தின் டீபியூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்னும் இத்தகைய இடுப்பு மூட்டை 2010 ஓகஸ்ட்டில் திரும்பப் பெற்றது. இந்தியாவில் இம்மூட்டு ஏறத்தாழ 4,700 சத்திரசிகிச்சைகளில் பொருத்தப்பட்டிருந்தது. அவர்களுள் சுமார் 3,600 பேரின் இருப்பிடம் தெரியவில்லை என அரசு அமைத்த நிபுணர் குழு கண்டது. எச்சரிக்கை இருந்தும் உரியவரைச் சென்றடையவில்லை.

இதனால் அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டியதில்லை. முழங்கால் மூட்டுக்களில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆனால் கொழும்பில் சிகிச்சை பெற்று, ஜிந்துப்பிட்டியில் உறவினர் வீட்டில் தங்கி, பின்பு வன்னிக்கோ மட்டக்களப்புக்கோ செல்பவரை வைத்தியசாலை தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஆகவே:

1. பொருத்திய மூட்டின் பெயர், அளவு, இலக்கம், திகதி ஆகியவற்றை எழுதித் தரும்படி கேளுங்கள். மூட்டை மாற்ற நேர்ந்தால் அடுத்த வைத்தியருக்கு இதுவே வழிகாட்டி.
2. அத்துண்டை அடையாள அட்டையுடனும் காணி உறுதியுடனும் வையுங்கள். பிரதியொன்றை உறவினரிடம் கொடுங்கள்.
3. வலி இல்லாவிட்டாலும் குறித்த தவணைக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். எலும்பு ஓசையின்றிக் கரையக்கூடும்.
4. புதிய வலி, வீக்கம், ஆட்டம், கால் குட்டையாதல், காய்ச்சல் எதுவாயினும் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள்.

கூடிப் பேசுவோம்: நம் குடும்பத்தில் யாருக்கு மாற்று மூட்டு உண்டு? அவருடைய துண்டு எங்கே இருக்கிறது? நாளை ஊர் மாற நேர்ந்தால் அதை எடுப்பவர் யார்?