கடலை உருண்டைக்குப் பாகும் பருப்பும்

நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் விளையும் வேர்க்கடலைக்குத் தாயகம் தென்னமெரிக்கா. பிரேசில் மக்கள் ஜூன் மாத விழாக்களில் அதனை வெல்லப்பாகிலிட்டு மிட்டாய் செய்கின்றனர். நம் கடலை உருண்டைக்கு அது உடன்பிறப்பே. மாமல்லபுரம் வரும் யாத்திரிகரிடம் விற்பதற்கும் இஃது ஏற்றதெனக் கருதுகிறோம்.

வறுத்துத் தோல் நீக்கிய பருப்பு 1 கிலோவுக்கு வெல்லம் அரைக் கிலோ. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுக. குளிர்ந்த நீரிலிட்ட பாகுத்துளி இறுகி, தட்டிற் போட்டால் ‘ணங்’கென ஒலித்தல் வேண்டும். முன்னரே இறக்கினால் உருண்டை பல்லில் ஒட்டும். ஈண்டு அவசரம் ஆகாது. பருப்பைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசிமாவு தொட்டுச் சூட்டோடு உருட்டுக.

பூசணம் பூத்த பருப்பு ஒன்றுகூடச் சேரலாகாது. அதில் உண்டாகும் அஃபிளடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முற்றும் அழியாது. காயை நன்கு உலர்த்தாமல் மூட்டை கட்டுவதே இத்தீங்கிற்குப் பெரிதும் காரணம். ஊராட்சியின் உலர்களம் நெல்லுக்கு மட்டும் உரியதன்று.