லாயர் எப்போது வேண்டும்?

நம் கிளை வகுப்புகளில் போதைப்பொருள் பற்றிப் பேசாத ஆண்டே இல்லை. "தொடாதே, அந்தக் கூட்டத்தோடு சேராதே" என்று சொல்லி முடிப்போம். அது சரிதான். ஆனால் நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை பிடிபட்டால், அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யணும் என்று நாம் படித்ததே இல்லை.

எங்க தாமானில் ஓர் அக்கா. அவர் மகனுக்கு 19 வயது. கூட்டாளியின் மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்தபோது, அதில் தொங்கிய பையோடு பிடிபட்டான். அக்கா என்னிடம் ஓடி வந்து, "தம்பி, நீ யூனிவர்சிட்டி படிக்கிற பிள்ளை. லாயர் இப்பவே வைக்கணுமா, கோர்ட்டுக்குக் கொண்டுபோனப்புறம் வச்சாப் போதுமா?" என்று கேட்டார். நான் படிப்பது பொறியியல். "கோர்ட்டுக்குப் போறப்ப பார்த்துக்கலாம் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அது தப்பான பதில். ஏன் தப்பு என்பதுதான் இன்றைய பாடம்.

1. முதல் 24 மணி நேரம்

கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி மூன்று உரிமைகளைத் தருகிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்லணும். தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேச விடணும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும். விசாரிக்கும் முன்பே, உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமை இருப்பதைப் போலீஸ் தெரிவிக்கணும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு. உடந்தையானவர்கள் தப்பிவிடுவார்கள் என்பது போன்ற காரணம் இருந்தால் மட்டும் இதைத் தள்ளிப்போடலாம்.

கடத்தல் வழக்கில் ரிமாண்ட் முதலில் 7 நாள் வரை, பிறகு இன்னொரு 7 நாள் வரை போகலாம். அத்தனை நாள் தேவையா என்று மாஜிஸ்திரேட்டிடம் வாதாட ஓர் ஆள் வேண்டும்.

2. சட்டத்தின் அனுமானம்

சாதாரணமாக, குற்றத்தை நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. ஆனால் 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு சில அனுமானங்களை வைத்திருக்கிறது. போதைப்பொருள் இருக்கும் பை உன் கட்டுப்பாட்டில் இருந்தால், அது உன்னுடையது, உனக்குத் தெரிந்தே இருந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஹெராயின் 15 கிராம், சியாபு 50 கிராம், கஞ்சா 200 கிராம் என்ற அளவை எட்டினால் கடத்தல் என்று எடுத்துக்கொள்ளும். "இல்லை" என்று காட்டும் பாரம் பிடிபட்டவன் தலையில் விழும். இந்த இரண்டு அனுமானங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது என்று 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது வழக்கறிஞர்கள் எதிர்த்து வாதாடியதால் வந்த தீர்ப்பு.

39பி பிரிவில் கடத்தலுக்கு ஜாமீன் கிடையாது. 2023 ஜூலை முதல் மரண தண்டனை கட்டாயம் இல்லை. நீதிபதி ஆயுள் தண்டனையும் குறைந்தது 12 பிரம்படியும் கொடுக்கலாம். தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கிறது.

3. முதல் வார்த்தை

பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வது ஆபத்து. தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்க உரிமை உண்டு. அதே சமயம், "பை என்னோடது இல்ல, இன்னார் கொடுத்தாங்க" என்பதைக் கடைசியில் சொன்னால், யோசித்துக் கட்டிய கதை என்று நீதிமன்றம் தள்ளிவிடலாம். எதை, எப்போது, எப்படிச் சொல்வது? இதை 19 வயதுப் பையன் லாக்கப்பில் தனியாக முடிவு செய்ய முடியுமா?

4. வழக்கறிஞர் எதைத் தேடுவார்?

மோட்டார் சைக்கிளை வேறு யார் ஓட்டினார்கள்? பையில் யாருடைய கைரேகை? கடை கேமரா பதிவு அழியும் முன் கேட்டாச்சா? போனில் என்ன செய்தி? போலீஸ் எழுதிய எடையும் இரசாயனத் துறை எழுதிய எடையும் ஒத்துப்போகுதா? ஹெராயின் என்றால் பொடியின் மொத்த எடை இல்லை, அதற்குள் இருக்கும் ஹெராயினின் எடைதான் கணக்கு. எங்கள் லேப்பில் ஒரு சாம்பிளின் லேபல் மாறினாலே ரிப்போர்ட்டை ஏற்கமாட்டார்கள். இங்கே ஓர் உயிர் போகிற விஷயம். குற்றச்சாட்டைக் குறைக்கும்படி அரசுத் தரப்புக்கு மனு எழுதுவதும் வழக்கறிஞரின் வேலைதான்.

5. பணம் இல்லையென்றால்?

தேசிய சட்ட உதவி அறவாரியமும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் இருக்கின்றன. உயர் நீதிமன்றத்தில் மரண தண்டனை வழக்கு என்றால், வசதி இல்லாதவருக்கு நீதிமன்றமே வழக்கறிஞரை நியமிக்கும். "எனக்கு ஆள் தெரியும், செட்டில் பண்றேன்" என்று வருபவரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். அது லஞ்சம். கொடுப்பவரும் மாட்டுவார்.

6. இது தர்மமா?

"போதைக்காரனுக்கு எதுக்கு வக்காலத்து?" என்று சிலர் கேட்பார்கள். சிலப்பதிகாரக் கதை நமக்குத் தெரியும். பொற்கொல்லன் சொன்னதை நம்பி, பாண்டியன் விசாரிக்காமல் தண்டித்தான். கண்ணகி சிலம்பை உடைத்து உள்ளே மாணிக்கம் என்று காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. ஆதாரம் உறுதியாக இருந்தது. ஆனால் அது சபைக்கு வந்தபோது கோவலன் உயிரோடு இல்லை. குற்றவாளி என்றால் நியாயமான தண்டனை, இல்லையென்றால் விடுதலை. இரண்டுக்கும் முதலில் விசாரணை வேண்டும்.

அந்தத் தம்பியின் வழக்கு இன்னும் நடக்கிறது. அதனால் அதைப் பற்றி மேலும் எழுதவில்லை. அக்காவிடம் போய், நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அதற்குள் ஒன்பது நாள் போயிருந்தது.

கலந்துரையாடல்

1. நண்பன் "இந்தப் பையைக் கொஞ்சம் வச்சிரு" என்றால் என்ன சொல்வாய்?
2. உன் தம்பி பிடிபட்டதாக இரவு 2 மணிக்கு போன் வருகிறது. முதல் மூன்று வேலைகள் என்ன?
3. உங்கள் மாநிலத்தின் சட்ட உதவி மையத்தின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வரவும்.