பிறைத் துளையில் கசியும் மழைநீர்

ஃபோக்ஸ்வாகன் 'பீட்டில்' காரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வண்டு போன்ற உருவம். 2003-இல் மெக்சிகோவில் உற்பத்தி நின்றது. 1971 மாடல்கள் பலவற்றில் பின்சன்னலுக்குப் பின்னால் பிறை வடிவில் ஒரு காற்றுத் துளை உண்டு. கார் ஓடும்போது அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே புழுங்கும் காற்று தானே வெளியேறுகிறது.

காற்றுக்கு வழிவிட்டால் மழைநீரும் நுழையப் பார்க்குமல்லவா? அதைத் தடுக்கும் நுரைப்பட்டை நாளடைவில் ஆக்சிஜனால் சிதைந்து பொடியாகிறது. இடுக்கில் தங்கும் நீர் தகட்டை உள்ளிருந்தே துருவாக்குகிறது. வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது பாதித் தகடு போயிருக்கும்!

துளையைச் சிலிக்கோன் பூசி அடைத்துவிடலாமா? கூடாது. ஈரக்காற்று வெளியேறாமல் கண்ணாடிகளில் நீராவி படியும். மேலும், புளிப்பு நெடியுள்ள சிலிக்கோன் இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும். வினிகரில் இருப்பதும் அதுவே. அது இரும்பை அரிக்கும்.

பழைய நுரையைச் சுரண்டி, துரு நீக்கி, பெயிண்ட் பூசி, புதுப்பட்டை ஒட்டவேண்டும். எந்த நுரை? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் கண்ணறைகள் ஒன்றுக்கொன்று திறந்திருப்பதால் அது நீரை உறிஞ்சித் தகட்டோடு வைத்துக்கொள்ளும். கண்ணறைகள் தனித்தனியே மூடிய நுரைதான் ஏற்றது.

ஒட்டியபின் உட்புறம் சாக்பொடி தூவி, வெளியே மேலிருந்து மெதுவாக நீர் ஊற்றிப் பாருங்கள். பொடியில் ஈரக்கோடு விழுந்தால், அது தொடங்கும் இடமே கசிவு.