காலிக் கட்டமும் ஒரு தகவல்தான்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாட்களை ஏரல் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரை தாண்டி ஏரலுக்குள் புகுந்தது.

அப்படி ஒரு நாளில், ஏதோ ஓர் ஊரில் இருந்த மழைமானி வெள்ளத்தோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பதிவேட்டில் அந்த ஊருக்கு நேராக என்ன எழுதுவீங்க? 0 என்று எழுதினால் மழையே பெய்யவில்லை என்று ஆகிவிடும். உண்மையில் மழை கொட்டியது, அளவுதான் நமக்குத் தெரியவில்லை. அதனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் சரி.

கணக்கு போட்டுப் பாருங்க. மூன்று மழைமானிகள். ஒன்றில் 60 செ.மீ., இன்னொன்றில் 30 செ.மீ., மூன்றாவதில் அளவு இல்லை. தெரிந்த இரண்டை மட்டும் எடுத்தால் சராசரி 45. மூன்றாவதில் 0 போட்டால் சராசரி 30 ஆகிவிடும். ஒரே ஒரு பூஜ்யம் 15 சென்டிமீட்டர் மழையைக் காணாமல் ஆக்கிவிடுகிறது.

கம்ப்யூட்டரில் இந்தக் காலிக் கட்டத்துக்கு ஒரு பெயர் உண்டு: ‘நல்’. தமிழில் ‘நல்ல’ என்று வரும் நல் அல்ல, ‘மதிப்பு எதுவும் இல்லை’ என்று குறிக்கும் ஆங்கிலச் சொல். நீங்கள் செல்போனில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் இந்த நல் உங்களோடு சேர்ந்து பயணம் செய்கிறது.

விண்ணப்பம் போகும் பாதை

நீங்கள் படிவத்தை நிரப்பி ‘சமர்ப்பி’ என்று அழுத்தியதும், அதை முதலில் வாங்குவது ஒரு நிரல், அதாவது புரோகிராம். அது உங்கள் விவரங்களைத் தரவுத்தளத்திடம் கொடுக்கிறது. தரவுத்தளம் என்பது பெரிய பதிவேடு மாதிரி: ஒருவருக்கு ஒரு வரிசை, ஒரு விவரத்துக்கு ஒரு கட்டம். இந்த அட்டவணை முறைக்கு 1970-இல் அடித்தளம் போட்டவர் எட்கர் காட் என்ற கணினி அறிஞர். தெரியாத விவரத்தை எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்குத்தான் ‘நல்’ என்ற குறி பதிலாக வந்தது.

நிரலிலிருந்து தரவுத்தளத்துக்குக் கைமாறும் இந்த இடத்தில்தான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். மூன்று தவறுகள் அடிக்கடி வரும்.

ஒன்று, காலியாக விட்டது பூஜ்யமாக மாறுவது. தேதிக் கட்டத்தில் இது நடந்தால் 01-01-1970 என்று வரலாம். பல கணினிகள் காலத்தை அந்த நாளிலிருந்துதான் எண்ணத் தொடங்குகின்றன. பூஜ்யம் என்றால் அவற்றுக்கு அந்தத் தேதி.

இரண்டு, வெற்று எழுத்தாக மாறுவது. பார்க்க இரண்டும் காலிதான். ஆனால் ‘ஒரு எழுத்துகூட இல்லாத சொல்’ வேறு, ‘தெரியாது’ என்பது வேறு. ஆரக்கிள் தரவுத்தளம் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவை தனித்தனியாக வைக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை மாற்றும்போது இதைக் கவனிக்காவிட்டால் குழப்பம்தான்.

மூன்று, ‘நல்’ என்பதே ஒரு சொல்லாகப் பதிவாவது. இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜோசப் டார்டாரோ என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர், தன் காருக்கு நம்பர் பிளேட்டாக ‘நல்’ என்ற ஆங்கில எழுத்துகளையே விளையாட்டாக வாங்கினார். கொஞ்ச நாளில் யார் யாரோ செய்த போக்குவரத்து விதிமீறலுக்கான அபராதமெல்லாம் அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. மொத்தம் 12,049 டாலர்! நம்பர் பதியாமல் விட்ட வண்டிகளின் அபராதம் அவர் பெயரில் சேர்ந்துவிட்டதாகத் தெரிகிறது. 2019-இல் ஒரு மாநாட்டில் அவரே இதைச் சொன்னார்.

கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விவரங்களை எழுத்தாக ஒட்டி ஒட்டிக் கட்டளை தயாரிக்காதீங்க. ஒவ்வொரு மதிப்பையும் தனித்தனி அளவுருவாக அனுப்புங்க. பைத்தானில் ‘நன்’ என்பதை அப்படி அனுப்பினால் தரவுத்தளத்தில் நல்லாகவே போய்ச் சேரும். டாட்நெட்டில் வெறும் நல் கொடுத்தால், ‘இந்த மதிப்பு தரப்படவே இல்லை’ என்று பிழை வரலாம். அங்கே ‘டிபிநல்’ என்று சொல்லியே அனுப்ப வேண்டும்.

இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்

சரி, ஒரு கட்டம் காலியாக இருந்தால் நமக்கு என்ன நஷ்டம்? ஒரு உதாரணம். விண்ணப்பத்தில் ‘வட்டம்’ என்ற கட்டம் இருக்கிறது. ஒருவர் அதை நிரப்பவில்லை. ‘ஏரல் வட்டத்தில் இருப்பவர்கள் யார்?’ என்று கேட்டால் அவர் பெயர் வராது. சரி, ‘ஏரல் வட்டத்தில் இல்லாதவர்கள் யார்?’ என்று கேட்டால்? அப்போதும் வராது! அவர் வட்டம் எது என்று தெரியாதபோது ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ‘வட்டம் காலியாக இருப்பவர்கள் யார்?’ என்று மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டால்தான் அவர் கண்ணில் படுவார். அந்தக் கேள்வியை எழுத மறந்தால், விண்ணப்பித்த மனிதர் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் சில கட்டங்களுக்குச் சிவப்பு நட்சத்திரக் குறி போடுகிறார்கள். ‘இங்கே நல் கூடாது’ என்பதுதான் அதன் பொருள்.

பெயர் எழுதாத பிறப்புச் சான்றிதழ்

நல்லைச் சரியாகப் பயன்படுத்தும் இடமும் நம் வீட்டிலேயே இருக்கிறது. குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் எல்லா வீட்டிலும் பெயர் முடிவாகிவிடுவதில்லை. தாத்தா ஒன்று சொல்வார், அத்தை ஒன்று சொல்வார். இதை 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமே புரிந்துவைத்திருக்கிறது. பெயர் இல்லாமலேயே பதியலாம் என்கிறது அதன் 14-ஆவது பிரிவு. பதிந்த 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம்.

ஆனால் அப்படியே மறந்துவிடக் கூடாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். அந்த வெள்ள வாரத்தில் பிறந்த குழந்தைகளும் இதில் அடக்கம். வீடு தண்ணீரில் கிடந்த நேரத்தில் பெயர்க் கட்டத்தை யார் நினைத்திருப்பார்கள்?

நீங்கள் செய்ய வேண்டியது

நட்சத்திரக் குறி இல்லாத கட்டத்தில் விவரம் தெரியாவிட்டால் காலியாகவே விடுங்க. புள்ளி, கோடு, ‘இல்லை’, பத்து பூஜ்யம் போட்ட செல்போன் எண் எதையும் போடாதீங்க. கணினி அதை உண்மையான விவரம் என்றே நம்பும்.

நட்சத்திரக் குறி இருக்கிறது, விவரம் தெரியவில்லை என்றால் ஊகித்து எழுத வேண்டாம். இ-சேவை மையத்திலோ உரிய அலுவலகத்திலோ கேட்டு நிரப்புங்க.

சமர்ப்பிக்கும் முன் முன்னோட்டத்தையும், சமர்ப்பித்த பின் ஒப்புகைச் சீட்டையும் ஒருமுறை படியுங்க. நீங்கள் எழுதாத ‘நல்’ என்ற ஆங்கிலச் சொல், 01-01-1970 என்ற தேதி, சம்பந்தமில்லாத 0 ஆகியவை கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, விண்ணப்ப எண்ணோடு உடனே தெரிவியுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்றைக்கே அதன் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்க. பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.