பேசச் சிரமப்படும் பிள்ளைக்கு வீட்டிலேயே கைகொடுக்க...

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் என்று காரணம் எதுவானாலும், ஸ்பீச் தெரபி வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் நம் கையில்தான் இருக்கிறது தோழிகளே!

1. பிஸ்கட், சோப்பு, பால் கவர்களைத் தூக்கிப் போடாமல், படமுள்ள பகுதியை வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். மேலே அகலமான செலோ டேப் ஒட்டினால் லேமினேஷன் செலவு மிச்சம். தினமும் பார்க்கும் பொருள் என்பதால் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும்.

2. இந்தப் படங்களை அடுக்கும் படப் பலகையில் தின்பண்டங்களை மட்டும் நிரப்பாமல் 'வேணும், வேண்டாம், இன்னும், போதும், வலிக்குது' போன்றவற்றுக்கும் இடம் ஒதுக்குங்கள். எந்தப் படம் எங்கே என்பதை மட்டும் மாற்றாதீர்கள். விரல் தானாக அங்கே போகப் பழகும்.

3. 'இதைக் காட்டு, அதைக் காட்டு' என்று பரீட்சை வைக்காமல், நீங்கள் பேசும்போதே படத்தைத் தொடுங்கள். இட்லி வைக்கும்போது 'இன்னும் வேணுமா?' என்று இரண்டு படத்தையும் தொட்டுக் கேட்டாலே அது ஒரு பாடம்.

4. கேள்வி கேட்டதும் மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். இடையில் வேறு மாதிரி மாற்றிக் கேட்டால், பிள்ளை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும்.

5. படம் காட்டிப் பழகினால் பேச்சு வராது என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். அது பேச்சைத் தடுப்பதில்லை; பல பிள்ளைகளுக்குப் பேச்சு வளரவும் துணை நிற்கிறது. படத்தைத் தொட்டால் பேசும் செயலிகளும் உண்டு; சென்னையில் உருவான 'ஆவாஸ்' செயலி தமிழிலும் பேசும். வாங்குமுன் தெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. வீட்டில் பேசுவது தமிழென்றால் தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலப் பள்ளி என்பதற்காகத் தாய்மொழியை நிறுத்தினால், பாட்டி தாத்தாவோடு பேசும் வழியும் அடைபட்டுப் போகும்.

7. பலகையை இரண்டு நகல் எடுத்து ஒன்றை ஸ்கூல் பையில் வையுங்கள். கூடவே 'கண்ணை மேலே உயர்த்தினால் ஆமாம், டிபன் பாக்ஸைத் தட்டினால் பசி' என்று உங்கள் பிள்ளையின் ஜாடைகளை ஒரே தாளில் எழுதி வைத்தால், ஜூனில் புது டீச்சர் வந்தாலும் கவலையில்லை.

8. உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் இலவச தெரபி நாட்களை விசாரியுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் 'நிராமயா' காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபி செலவிலும் ஒரு பங்கு கிடைக்கும். பில்களை இன்றே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்!