விண்டோஸ் கணினியைச் சுத்தம் செய்யும் முன்

தேவையற்ற கோப்புகளை நீக்க விண்டோஸிலேயே ‘டிஸ்க் கிளீனப்’, ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ வசதிகள் உள்ளன. வீட்டுக் கணினிக்குப் பெரும்பாலும் இவையே போதும்.

• முக்கியக் கோப்புகளை முதலில் வேறொரு டிரைவில் நகலெடுக்க வேண்டும். ‘ரீஸ்டோர் பாயின்ட்’ அமைப்புகளை மீட்கும். அழிந்த புகைப்படங்களை மீட்காது.

• நீக்க வேண்டியவற்றை டிக் செய்யும் முன் பட்டியலை வரிவரியாகப் படிப்பது அவசியம். சில விண்டோஸ் 10 பதிப்புகளின் டிஸ்க் கிளீனப்பில் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரும் இடம்பெறும். அதைத் தேர்வு செய்தால் இறக்கி வைத்த ஆவணங்கள் எல்லாம் போய்விடும்.

• ‘முந்தைய விண்டோஸ்’ கோப்புகளை நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.

• விண்டோஸ் அமைப்புகள் பதிவாகும் ‘ரெஜிஸ்ட்ரி’யைத் தொடாமல் விடுவதே நல்லது. அதைச் சுத்தம் செய்தாலும் வேகம் குறிப்பிடும்படி அதிகரிக்காது. தேவையான பதிவு தவறுதலாக நீங்கினால் விண்டோஸே இயங்காமல் போகலாம்.

• வெளி மென்பொருளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். அதோடு ஆன்டிவைரஸும் இயக்கத்தில் இருக்க வேண்டும். ஏனெனில் 2017இல் ‘சிகிளீனர்’ என்ற சுத்தம் செய்யும் மென்பொருளின் அதிகாரபூர்வத் தளத்தில் கிடைத்த 5.33 பதிப்பிலேயே தீநிரல் கலந்திருந்தது.

• சுத்தம் செய்வது பாதியில் நின்றால், ஏதோ ஒரு கோப்பு பயன்பாட்டில் இருக்கலாம். பிரவுசர் உள்ளிட்டவற்றை மூடி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, சுத்தம் செய்யும் கருவியை ‘அட்மினிஸ்ட்ரேட்டராக’ மீண்டும் இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.